ஹெர்ஷல் இல்லத்து உலைக்களம்

உலோகத்தை உருக்கி வார்க்குந் தொழில் தந்தையிடமிருந்து மைந்தனுக்குச் சொத்தைப்போல் இறங்கி வருவது நம் மரபினர் யாவரும் கண்ட வழக்கு. யாதொரு குலவுரிமையுமின்றி, வயிற்றுப்பாட்டுக்கு வேறொரு தொழிலை வைத்துக்கொண்டு, ஓய்ந்த பொழுதெல்லாம் உலைமுகத்தில் நின்று, உடன்பிறந்தாரையும் அதில் ஈடுபடுத்திய ஒரு குடும்பத்தின் வரலாறு அத்துணைப் பலர் அறிந்ததன்று. அக்குடும்பம் ஹெர்ஷல் என்னும் பெயருடையது. அதில் தலையாயவராகிய வில்லியம் ஹெர்ஷல் 1781-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 13-ஆம் நாள் இரவில் யுரேனஸ் என்னும் கோளைக் கண்டறிந்தவர் என்பதைப் பள்ளிச் சிறுவரும் அறிவர். அவர் அதனைக் கண்ட தொலைநோக்கி கடையில் வாங்கியதன்று, தம் கையாற் செய்த உலோகக் கண்ணாடியுடையது என்பதையும், அப்பட்டறையில் அவர் தங்கையும் தம்பியும் பட்ட பாட்டையும் அறிந்தார் சிலரே. ஆதலின் அதனை ஈண்டு எழுதப் புகுந்தோம்.

ஹெர்ஷல் குடும்பத்தார் ஜெர்மனி நாட்டு ஹனோவர் நகரத்தவர். தந்தையார் படைப்பிரிவொன்றில் வாத்தியம் வாசித்தவர். வில்லியம் 1738-ஆம் ஆண்டில் பிறந்து, 1757-இல் இங்கிலாந்து புகுந்து, பாத் என்னும் நகரில் ஒரு தேவாலயத்தில் ஆர்கன் வாசிப்பவராய் அமர்ந்தார். இசை கற்பித்தும், கச்சேரி நடத்தியும் நல்ல வருவாய் பெற்றவர். தங்கை கரோலின் 1750-ஆம் ஆண்டில் பிறந்தார். பத்தாம் வயதில் வந்த கொடுஞ்சுரத்தால் வளர்ச்சி தடைப்பட்டு, உயரம் 4 அடி 3 அங்குல அளவில் நின்றுவிட்டது. இப்பெண்ணை யார் மணப்பார் என்று தாயார் முடிவு கட்டி, அடுக்களைக்கும் தையலுக்கும் உரியவளாக வைத்துக்கொண்டார். கல்வியென்றால் தாய்க்கு வெறுப்பு. 1772-இல் வில்லியம் ஹனோவருக்குச் சென்று, தங்கையின் இடத்தில் ஒரு வேலைக்காரியை அமர்த்தத் தாய்க்கு ஆண்டுதோறும் பணந் தருவதாக ஒப்புக்கொண்டு, அவரைப் பாத் நகருக்கு அழைத்து வந்தார். பெற்ற மகளை வீட்டினின்று விடுவிக்க வேலைக்காரியின் கூலியை ஈடுகட்ட வேண்டியிருந்தது! இதனை எழுதும்போது நமக்கு நாணம் உண்டாகின்றது. அயல்நாட்டாரை மட்டும் எண்ணி அன்று.

அழைத்து வந்தது அவரைப் பாடகியாக்கவே. கரோலினும் சில ஆண்டுகளில் தேர்ந்து, கச்சேரிகளில் முதன்மைப் பாடகியாக விளங்கினார். பர்மிங்காம் நகரத்தார் தனியே அழைத்தபோது, தமையனார் நடத்தாத கச்சேரியிற் பாடுவதில்லை என்று மறுத்தாரென்பது அவரது வரலாற்றிற் காணப்படுவது.

நிற்க. 1773-இல் வில்லியத்துக்கு வானநூற் பித்தம் தலைக்கேறியது. பெரிய கருவிகளின் விலை அவர் கைக்கு எட்டவில்லை. கண்ணாடி தேய்த்துப் பழகிய ஒருவர் அந்நகரில் தம் வேலையைக் கைவிட்டிருந்தார். அவருடைய கருவிகளையும் அரைகுறையாகக் கிடந்த கண்ணாடிகளையும் வில்லியம் விலைக்கு வாங்கினார். அன்றுமுதல் வீடு பட்டறையாயிற்று. விருந்தினர் இருக்கவேண்டிய கூடத்தில் தச்சன் குழாயும் தாங்குகாலுஞ் செய்தான். தம்பி அலெக்சாண்டர் படுக்கையறையொன்றில் பெருங் கடைசற்பொறியை நிறுத்தினார். இவர் செல்லோ வாசிப்பதில் வல்லவர். பித்தளை கடைவதில் அதனினும் வல்லவர். விழியருகு வைத்து நோக்கும் சில்லுகளுக்கு வேண்டிய பித்தளைக் கூடுகள் அவர் கையில் உருவாயின. கச்சேரியின் இடைவேளையிலும் வில்லியம் ஆடை மாற்றாது பட்டறைக்கு ஓடிவருவாராம். சரிகைமடிப்புக் கைகள் கிழிந்தும் கீல் படிந்தும் போகும். வீட்டை ஒழுங்குசெய்து வைக்கவேண்டிய கரோலினுக்கு இது முதலில் பெருந்துயரமாகவே இருந்தது. மனமுவந்து குதித்தார் என்று எழுதுவோர் அவரது நினைவுக்குறிப்பைச் செவ்வனே படியாதவர் என்பது நம் கருத்து.

இனி, அவ்வுலோகத்தைப்பற்றிச் சிறிது கூறுவோம். அக்காலத்துத் தொலைநோக்கிக் கண்ணாடி பாதரசம் பூசிய சில்லன்று. செம்பும் வெள்ளீயமுஞ் சேர்த்து வார்த்த வெண்ணிற வெண்கலமே. செம்பு இருபங்கும் ஈயம் ஒருபங்கும் என்னும் அளவை ஒட்டியது அக்கலவை. ஈயம் மிகின் நிறம் வெளுத்து ஒளி கூடும். ஆனால் ஆறும்போதே கண்ணாடிச் சில்லுபோல் விரிந்துவிடும். செம்பு மிகின் உறுதி உண்டு; நிறஞ் சிவந்து விரைவிற் களிம்பேறும். இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு மயிரிழை வழியிற் செல்லவேண்டும். மலைநாட்டு ஆறன்முளைக் கண்ணாடியும் ஏறத்தாழ இக்கலவையே என்பதும், அதிலுள்ள வெள்ளீயம் நூற்றுக்கு 33 பங்கு அளவினது என்பதும் ஆராய்ந்தோர் கண்டவை. அதனைச் செய்வோரின் முன்னோர் திருநெல்வேலிச் சீமைச் சங்கரன்கோயிற் பக்கத்தினின்று சென்றவர் என்று அவரிடையே ஒரு கர்ணபரம்பரை உண்டு. அவர்கள் முகம் பார்க்கத் தேய்த்தனர். ஹெர்ஷல் விண் பார்க்கத் தேய்த்தார். தட்டையாகத் தேய்ப்பதினும் குழிவாகத் தேய்ப்பது அரிது. அக்குழிவும் வெறும் உருண்டையின் பகுதியாயிராது, கண்ணுக்குப் புலனாகாத அளவு நடுவில் ஆழ்ந்திருத்தல் வேண்டும்.

இதற்காக வில்லியம் ஒரு கண்ணாடியின்மேல் வைத்த கையை 16 மணி நேரம் எடுக்காதிருந்ததுண்டு. இடையில் நிறுத்தின் வடிவங் கெடுமென்று அவர் கருதினார். அப்போது கரோலின் அருகிலிருந்து உணவைத் துண்டுதுண்டாக அவர் வாயில் ஊட்டுவார். கை மட்டும் உழைக்க மனம் சோராதிருக்கும்பொருட்டு, அராபியக் கதைகளையும் டான் குவிக்ஸோட் முதலிய நூல்களையும் படித்துக் காட்டுவார். கை ஒழிந்தபோது தாமும் ஒரு வேலையை எடுத்துக்கொள்வார். நாளடைவில், முதலாண்டு பயிலுஞ் சிறுவன் தன் ஆசானுக்கு எவ்வளவு பயன்படுவானோ அவ்வளவு தாமும் பட்டறைக்குப் பயன்பட்டதாக அவரே எழுதி வைத்தனர். உண்மையான தொழிலாளியின் பேச்சு இது. மிகுத்தும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை.

1781-ஆம் ஆண்டின் கோடையில் நிகழ்ந்ததே நாம் சிறப்பாகக் கூறவேண்டுவது. யுரேனஸைக் கண்டது 6 அங்குலத்துக்குச் சற்றே மிகுந்த விட்டமுடைய கண்ணாடி. இப்போது வில்லியம் 3 அடி விட்டத்தில் ஒன்று வார்க்க முனைந்தார். அத்துணைப் பெரிய வார்ப்பை எடுத்துச் செய்வார் எவருமின்மையால், நியூ கிங் தெருவில் 19-ஆம் எண்ணுள்ள தம் வீட்டின் கீழ்த்தளத்திலேயே உலை கட்டினார். கருவுக்கு வேண்டிய மண் குதிரைச் சாணங் கலந்தது. அச்சாணத்தை உரலில் இடித்து நுண்ணிய சல்லடையிற் சலிக்கவேண்டும். முடிவில்லாத வேலை அது. கரோலின் மணிக்கணக்காக இடித்தார். அவர் இடிக்க, அலெக்சாண்டரும் இடித்தார். பார்க்க வந்த நண்பர் ஒருவரும் உலக்கை பிடித்தார் என்பர். நம் சிற்பிகள் வண்டலிற் சாணமும் உமிக்கரியுஞ் சேர்ப்பதன் காரணமும் இதுவே: நார் வெந்து ஒழிந்த இடம் நுண்டுளையாகி, வார்ப்பின் ஆவி அதன்வழி வெளிப்படும். ஆயிரங் காதத்துக்கப்பால் வாத்தியக்காரர் ஒருவர் வீட்டிலும் அதே உண்மை கைகூடியிருந்தது காண்க.

முதல் வார்ப்பில் கரு கசிந்து, ஆறும்போது கண்ணாடி பிளந்தது. இரண்டாம் முறை 500 இராத்தலுக்கு மேற்பட்ட உலோகம் உருகி நின்றபோது உலையின் அடி திறந்துகொண்டது. தீக்குழம்பு கற்றளத்திற் பாய்ந்தது. குளிர்ந்த கற்கள் வெடித்துக் கூரைமட்டும் பறந்தன. தமையன்மாரும் வார்ப்புக்காரரும் அவர் ஆட்களும் எதிரெதிர் வாயில்கள் வழியே வெளியே ஓடினர். வில்லியம் வெப்பத்தாலும் களைப்பாலும் செங்கற்குவியலின்மேல் வீழ்ந்தார். அத்தளத்துக் கற்களை முன்னரே பெயர்த்திருக்கவேண்டும் என்று கரோலின் பின்னர்க் குறித்தார். குறை எங்கே நேர்ந்ததென்று அவருக்குத் தெரிந்திருந்தது. நம் பட்டறைகளில் உலைக்கு அருகே கல் பாவுவதில்லை. அது அனுபவத்தில் வந்த அறிவு. விருப்பத்தால் தொழில் மேற்கொள்வோர்க்கு முன்னோர் பட்ட சூடு எச்சரிக்கையாக வந்து சேர்வதில்லை. ஒவ்வொன்றையும் தாமே பட்டறியவேண்டும்.

இவ்விடத்தில் ஒரு வார்த்தை. சிலர் கரோலினை வெறும் ஏவலாளி என்று எழுதுவர். வேறு சிலர் அவரே யாவும் செய்தார்போல் எழுதுவர். அவரோ, நன்கு பழக்கிய நாய்க்குட்டியும் அவ்வளவு செய்திருக்கும் என்று தம்மையே தாழ்த்திக்கொண்டார். மூன்றையும் நாம் ஒப்போம். சாணம் இடித்தது யார், சலித்தது யார் என்பது வார்ப்பின் வரலாற்றுக்குப் புறம்பானதன்று. கரு சரியில்லையேல் கலவையால் ஆவதென்ன? நம் இல்லங்களிலும் வண்டல் சலிப்பதும், மெழுகு உருட்டுவதும், மெருகுத்தூள் அரைப்பதும் பெண்டிர் கையாலேயே பெரும்பாலும் நடந்தன. விக்கிரகத்தின் பீடத்திலோ கணக்கேட்டிலோ அவர் பெயரைக் கண்டார் யார்? கரோலின் எழுதப் படிக்க அறிந்து, நாள்தோறும் குறித்து வைத்தமையாலன்றோ அவர் உழைப்பு நமக்குத் தெரிகின்றது!

1782-இல் அரசர் வில்லியத்துக்கு ஆண்டுக்கு 200 பவுன் சம்பளம் அளித்தார். இசையில் வந்ததினும் அது குறைவு; ஆயினும் வில்லியம் ஏற்றார். அவ்வாண்டோடு கரோலின் பாட்டும் முடிந்தது. பாத் நகரை விட்டு வின்ட்ஸர் அருகே குடியேறினர். இதில் அவரைக் கேட்டவர் உண்டோ என்பது ஐயமே. சம்பளக் குறைவை ஈடுசெய்யத் தொலைநோக்கிகள் செய்து விற்கலாயினர். பொழுதுபோக்காகத் தொடங்கியது ஊதியத் தொழிலாயிற்று. 1783-ஆம் ஆண்டின் இறுதி நாள் இரவு, பனி உருகிய தரையில் கரோலின் இருளில் ஓடியபோது, கருவியைத் திருப்பும் பொறியின் இரும்புக் கொக்கி ஒன்று முழங்காலுக்குமேற் பாய்ந்தது. அவரைத் தூக்கியபோது ஏறத்தாழ 2 அவுன்சு தசை கொக்கியிலே தங்கிவிட்டது. அன்றிரவு பின்னர் மேகம் மூடியமையால் தமையனாருக்கு நோக்கு வேலையில் இழப்பு நேரவில்லை என்பதே அவர் அதுபற்றி எழுதிய ஆறுதல்.

பின்னர் ஸ்லவ் என்னும் ஊரில் 40 அடி நீளத் தொலைநோக்கி எழுந்தது. அதற்கு அரசர் இருமுறையாக 4000 பவுன் உதவினார். அதன் 4 அடிக் கண்ணாடியின் முதல் வார்ப்பு 1785-இல் லண்டனிற் செய்யப்பட்டது, நடுவில் மெலிந்திருந்தது. 1788-இல் வார்த்தது ஆறுகையில் விரிந்தது. அவ்வாண்டே மீண்டும் வார்த்தது நின்றது. எடை ஏறத்தாழ ஒரு டன். அதற்கு மெருகிடப் பல ஆட்கள் முறைவைத்து உழைத்தனர். ஆட்கைகளால் வடிவம் சீராகாதது கண்டு வில்லியம் பொறியொன்றை அமைத்தார். 1789-இல் அக்கருவி முற்றுப்பெற்றது. ஆயினும் அத்துணைப் பெரிய கண்ணாடி விரைவிற் களிம்பேறுவதும், ஒவ்வொரு முறையும் மெருகை அகற்றி வடிவத்தைப் புதிதாக அமைப்பதும் தாளாத வேலையாயின. சிறியதாகிய 20 அடிக் கருவியே பெரும்பயன் தந்தது.

1786-இல் கரோலின் தாமே ஒரு வால்வெள்ளியைக் கண்டார். 1797 வரையில் மொத்தம் எட்டு. 1787 முதல் அவருக்கும் அரசு 50 பவுன் ஆண்டுச் சம்பளம் கிடைத்தது. தம் வாழ்நாளில் தமக்கென்று கையில் வந்த முதற்பணமாக அதனை அவர் மதித்தார். 1788-இல் வில்லியம் மணஞ் செய்துகொண்டார். வீட்டுத் தலைமை புதியவளிடம் சென்றது. கரோலின் தனியே வாடகை அறைக்குப் போனார். அதனையடுத்த பத்தாண்டு நாட்குறிப்புகளை அவர் பிற்காலத்தில் அழித்துவிட்டார். அவற்றில் என்ன இருந்திருக்குமென்று ஊகிப்பது தகாது. மனத்தாங்கல் இல்லாதவர் அழிக்கமாட்டார் என்று மட்டும் சொல்வோம். பிற்காலத்தில் அண்ணியிடமும் மருமகனிடமும் அவர் அன்பு பூண்டிருந்தார்.

அம்மருமகன் ஜான் ஹெர்ஷல் 1820-இல், 80 கடந்த தந்தையின் கண்முன்னே, 18 அங்குலக் கண்ணாடி வார்த்துத் தேய்க்கக் கற்றார். 1834-இல் ஆப்பிரிக்காவின் தென்முனையில் நிறுவித் தென்வானத்தை அவர் ஆராய்ந்தது அவ்வகைக் கண்ணாடி கொண்டே. வில்லியம் 1822-இல் காலமானார். கரோலின் ஹனோவருக்குத் திரும்பி, அங்கிருந்தே, தமையனார் கண்ட நெபுலாக்களையெல்லாம் மருமகனுக்குப் பயன்படும்படி வரிசைப்படுத்தி எழுதியனுப்பினார். அதற்காக 1828-இல் லண்டன் வானநூற் சங்கத்தார் பொற்பதக்கம் அளித்தனர். 1848-ஆம் ஆண்டு ஜனவரி 9-ஆம் நாள், 97-ஆம் வயதில் அவர் உயிர்நீத்தார். 40 அடிக் குழாய் அதற்கு முன்னரே இறக்கப்பட்டது; 1839-ஆம் ஆண்டின் இறுதி இரவில் ஜானும் மனைவி மக்களும் அதனுள் அமர்ந்து அதற்கொரு இரங்கற்பாட்டுப் பாடினர்.

நியூ கிங் தெரு வீடு 1981 முதல் காட்சிச்சாலையாக இருந்துவருகின்றது. கீழ்த்தளத்துப் பட்டறையில், 1781-இல் உருகிய உலோகம் பாய்ந்து பிளந்த கற்கள் மாற்றப்படாமல் அப்படியே கிடக்கின்றன.