விபத்து இழப்பீட்டுச் சமரசம்

சாலைச் சந்திப்பில் அடிபட்டவர் தொடுத்த இழப்பீட்டு வழக்கை இரு தரப்பும் ஒரு தொகைக்கு ஒத்துக்கொண்டு முடிப்பது. மோட்டார் வாகனச் சட்டம், 1988, பிரிவு 166-இன்படி மனு தாக்கலாகிறது. சென்னையில் உயர் நீதிமன்ற வளாகத்திலுள்ள சிறு வழக்குகள் நீதிமன்றமே விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயமாகவும் இயங்குகிறது.

எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் டிரெய்லர்களோடு பைக்குகளும் நெருக்கியடித்துச் செல்கின்றன. இடப்பக்கம் திரும்பும் டிரெய்லரின் பின்சக்கரம் உள்வாங்கி வரும். அந்த இடைவெளியில் நிற்கும் பைக் ஓட்டுநரை டிரெய்லர் ஓட்டுநரால் பார்க்க முடியாது. காப்பீட்டு நிறுவனம் உடனே 'பைக் ஓட்டியவர்மேலும் தவறு' என்று பங்கு பேசும். பேரத்தில் பாதி அதிலேயே போகும்.

மீதி, ஊனத்தின் கணக்கு. மருத்துவக் குழு தரும் சதவீதம் அப்படியே வருமான இழப்பாகாது என்று ராஜ்குமார் வழக்கில் (2010) உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. முழங்கால் மடங்காத குமாஸ்தா வேலையில் தொடரலாம். காசிமேட்டில் மீன்கூடை சுமப்பவரால் முடியாது. ஆண்டு வருமான இழப்பை வயதுக்குரிய பெருக்கியால் பெருக்குவார்கள்: சரளா வர்மா தீர்ப்பின்படி (2009) 36 முதல் 40 வயதுவரை 15. சம்பளச் சீட்டு இல்லாத கூலித் தொழிலாளிக்கு வருமானத்தை நிரூபிப்பதே பெரும்பாடு.

2019 திருத்தப்படி, விபத்துத் தகவல் கிடைத்த 30 நாளுக்குள் காப்பீட்டு நிறுவனமே தொகை முன்வைக்கலாம். லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றத்தில்) முடிந்தால் மேல்முறையீடு கிடையாது. பணம் சீக்கிரம் கிடைக்கும், தொகை குறையலாம். அடுத்த அறுவைச் சிகிச்சைச் செலவையும் சேர்த்துக் கேட்காமல் கையெழுத்திட்டவர் பின்னர் திரும்பக் கேட்பது அரிது.