பாதியில் நின்ற செரோக்கி இலக்கணம்

இன்னைக்கு வட அமெரிக்கப் பூர்வகுடி மொழியான செரோக்கி, அதை ஆராயக் கிளம்பிய ஒரு வக்கீலோட கதை.

பேர் ஜான் பிக்கரிங். சேலம்காரர். நம்ம சேலம் இல்லீங்க, மாசசூசெட்ஸ் சேலம். பூர்வகுடி மொழிகளை ஆங்கிலேயர் ஒரு ஸ்பெல்லிங்கில் எழுதுவார், பிரெஞ்சுக்காரர் வேறொன்றில், ஜெர்மன் பாதிரியார் இன்னொன்றில். ரெண்டும் ஒரே சொல்தானா என்றே தெரியாது. அப்புறம் எப்படி மொழிகளை ஒப்பிடுறது? 1820-ல் பிக்கரிங் ஒரு தீர்வை வெளியிட்டார்: எல்லாத்துக்கும் ரோமன் எழுத்தில் ஒரே முறை. நாலு டீம் நாலு ஃபார்மேட்ல டேட்டா அனுப்பி நான் பட்ட பாட்டுக்கு, இவரை உடனே பிடிச்சுப்போச்சு.

அந்த முறையிலேயே செரோக்கிக்கு இலக்கணம் எழுதத் தொடங்கினார். நியூ இங்கிலாந்துக்குப் படிக்க வந்திருந்த டேவிட் பிரவுன் என்ற செரோக்கி இளைஞர் உதவினார். அச்சு வேலையும் ஆரம்பமாச்சு.

அதே சமயம் செரோக்கிகளிடையே செக்வோயா என்பவர் வேறொன்றைச் செய்துகொண்டிருந்தார். அவருக்கு ஆங்கிலம் படிக்கவே தெரியாது. முதலில் சொல்லுக்கு ஒரு குறி என்று போட்டுப் பார்த்தார், குறிகள் பெருகிக்கொண்டே போச்சு. பிறகு அசைக்கு ஒரு எழுத்து. நம்ம க, கி, கு மாதிரி, ஆனா அதுகளுக்குள்ள உருவ ஒற்றுமை கிடையாது. 1821 வாக்கில் எண்பத்துச் சொச்சம் எழுத்து தயார். முதல் மாணவி மகள் அயோக்கா. இருவரையும் தனித்தனியே பிரித்துவைத்துச் சோதித்த பிறகுதான் பெரியவர்கள் நம்பினார்கள்.

அதுக்கப்புறம் காட்டுத்தீ. செரோக்கி பேசுறவங்க பள்ளிக்கூடம் போகாமலே கத்துக்கிட்டாங்க. ஏற்கெனவே ஆர்கன்சாவுக்குக் குடிபெயர்ந்திருந்த சொந்தங்களுக்குக் கடிதம் எழுதினாங்க. 1828 பிப்ரவரி 21 அன்று ‘செரோக்கி ஃபீனிக்ஸ்’ பத்திரிகையே வந்துவிட்டது. அதற்கான அச்செழுத்துகளை வார்த்தது எங்க தெரியுமா? பாஸ்டன். பிக்கரிங்கோட ஏரியா!

பிக்கரிங்குக்கு இது பிடிக்கவில்லை. ஜெர்மன் அறிஞர் ஹும்போல்ட்டுக்கு எழுதிய கடிதத்தில் புலம்பியிருக்கிறார். ஒலிகளைப் பிரித்துக் காட்டாத எழுத்து ஆய்வுக்கு உதவாது என்பது அவர் கட்சி. ஆய்வாளராக அவர் சொன்னது தப்பில்லை. ஆனா அம்மாவுக்குக் கடிதம் எழுதுறவனுக்கு ஒப்பியல் எதுக்கு? இலக்கணம் நாற்பத்துச் சொச்சம் பக்கத்தோடு நின்றுபோனது. அதைவிட, டேவிட் பிரவுனே 1825-ல் புதிய ஏற்பாட்டை மொழிபெயர்த்தது செக்வோயா எழுத்தில்தான்.

1835-ல் ஜார்ஜியா காவல்படை செரோக்கி அச்சகத்தைப் பறிமுதல் செய்தது. மூணு வருஷத்தில் மக்களையே ஊரைவிட்டு விரட்டினார்கள். எழுத்தும் அவங்களோட மேற்கே நடந்துபோச்சு. 1999-ல் யூனிகோட் 3.0-ல் சேர்ந்ததும் அந்த எழுத்துதான்.