உடவத்தகெலே உலாப் பாதைகள்

அக்குறணையிலிருந்து தெற்கே ஏறத்தாழ 10 கிலோமீற்றர் தொலைவில் உள்ளது கண்டி நகர். அங்கே தலதா மாளிகைக்குப் பின்னே உயர்ந்து நிற்கும் உடவத்தகெலே, மன்னராட்சியில் குடிமக்கள் நுழைதற்கு விலக்கப்பட்ட வனமாகும். அவ்விலக்கே அதனைக் காத்தது எனலாம். 1815இல் ஆங்கிலேயர் கண்டியைக் கைப்பற்றியபின் வனத்தின் பயன் மாறிற்று. 1834இல் தேசாதிபதி வில்மட் ஹோட்டன் அங்கு உலாப் பாதையொன்றை அமைப்பித்தார். அது அவர் மனைவியின் பெயரால் இன்றும் வழங்குகிறது. (ஆங்கிலக் கவிஞர் பைரன் 1814இல் பாடிய பேரழகியும் இவ்வம்மையாரே.)

ஈண்டு ஒன்று நோக்கற்பாலது. ஹோட்டனின் ஆட்சியிலேதான், 1832இல், இராஜகாரியம் என்னும் கட்டாய ஊழியம் ஒழிக்கப்பட்டது. ஆயினும் 1848இல், ஆடவர் ஆண்டுக்கு ஆறு நாள் வீதி வேலை செய்தல் வேண்டும், இன்றேல் மூன்று சிலிங் செலுத்துதல் வேண்டும் என்ற சட்டம் பிறந்தது. அவ்வாண்டு மாத்தளையில் மூண்ட கிளர்ச்சிக்கு அதுவும் ஒரு காரணம். சீமாட்டியருக்கு இன்பமாயிருந்த பாதை, குடியானவனுக்குச் சுமையாயிருந்தது. பாதைகளுக்குத் தேசாதிபதிகளின் மனைவியர் பெயர்கள் கிடைத்தன. மண்வெட்டி பிடித்தவரின் பெயர் எதற்கும் கிடைக்கவில்லை.

மலைக்காட்டுப் பாதை ஒருமுறை வெட்டினால் நிலைப்பதன்று. மழைக்காலந்தோறும் மண் அரிக்கும், வடிகால் தூரும், மரம் சாய்ந்து வழி மறிக்கும். (அட்டைகளைப் பற்றிக் கூறவேண்டியதில்லை.) 1856இல் ஒதுக்கக் காடாகவும் 1938இல் சரணாலயமாகவும் பிரகடனஞ் செய்யப்பட்ட இவ்வனத்தில், இன்று வேறொரு வேலையும் சேர்ந்துள்ளது: பிறநாட்டிலிருந்து வந்து, சுதேச மரங்களை நெருக்கி வளரும் பெரு பால்சம் நாற்றுகளைப் பிடுங்குதல்.