தமிழ் அச்சுக்கலை: கருவியின் வருகையும் சமூக ஏற்பும் (1578–1894)

ஆய்வுச்சுருக்கம்
இந்திய மொழிகளுள் தன் வரிவடிவில் முதலில் அச்சேறியது தமிழ். எனினும், அச்சு தமிழ்ச் சமூகத்தின் அறிவுமரபை மாற்றியமைக்க ஏறத்தாழ இரண்டரை நூற்றாண்டுகள் பிடித்தன. புதிய கருவியொன்று சமூக ஆற்றலாக மாறுவதற்குரிய சூழல்களை இவ்வரலாற்றின்வழி இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: அச்சுக்கலை, ஓலைச்சுவடி, ஆறுமுக நாவலர், உ.வே.சாமிநாதையர், பதிப்பு

முன்னுரை
புதுமை தோன்றிய நாளும் அது சமூகத்தில் வேர்கொண்ட நாளும் பெரும்பாலும் ஒன்றாக இருப்பதில்லை. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட காலத்தில் நிகழ்வனவே வரலாற்று ஆய்வுக்குரியவை. தமிழ் அச்சின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

தொடக்ககால அச்சு
1578இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சிடப்பட்டது. போர்த்துக்கேய மொழியிலிருந்து அன்றீக் அடிகளார் பெயர்த்த 16 பக்க நூல் இது. முத்துக்குளித்துறைப் பரதவர் இம்முயற்சிக்குப் பொருளுதவி செய்தனர். எனினும், இம்முயற்சிகள் நெடுங்காலம் தொடரவில்லை. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தரங்கம்பாடியில் சீகன்பால்கு அச்சகம் நிறுவி, 1715இல் புதிய ஏற்பாட்டை வெளியிட்டார். இக்காலம் முழுவதும் அச்சு சமயப்பணியின் கருவியாகவே பெரிதும் விளங்கியது. மடங்களிலும் திண்ணைப் பள்ளிகளிலும் ஓலையும் எழுத்தாணியும் மனப்பாடமும் கற்பித்தலுக்குப் போதுமானவையாக இருந்தன. ஆகவே, அச்சின் தேவை அங்கு உணரப்படவில்லை.

சட்டமும் போட்டியும்
1835ஆம் ஆண்டின் அச்சுச் சட்டமே இந்நிலையை மாற்றியது எனப் பொதுவாகக் கூறப்படுவதுண்டு. அச்சகம் நடத்துவோர் முறையான அறிவிப்பை அளித்தால் போதும் என்ற நிலையை மெட்காபின் அச்சட்டம் உருவாக்கியது. அதன் பங்கு பெரிது. ஆயினும், அதனை ஒரே காரணமாகக் கொள்ள இயலாது. திருக்குறள் 1812இலேயே அச்சேறிவிட்டது. கம்பெனி ஆட்சிக்கு உட்படாத யாழ்ப்பாணத்திலும் அச்சு விரைந்து பரவியது.

யாழ்ப்பாண நிகழ்வு மற்றொரு காரணத்தைப் புலப்படுத்துகிறது. ஆறுமுக நாவலர் மெதடிஸ்த மிஷன் பள்ளியில் பயின்று அங்கேயே ஆசிரியராகப் பணியாற்றியவர்; பேர்சிவலின் விவிலிய மொழிபெயர்ப்பிற்குத் துணைநின்றவர். பின்னர் அப்பணியிலிருந்து விலகி, 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு சென்னை சென்று அச்சியந்திரம் வாங்கினார். பாலபாடங்களும் இலக்கண நூல்களும் சைவ நூல்களும் அவரால் அச்சேறின. மிஷனரிகளின் கருத்தை மறுத்தவர் அவர்களது கருவியை மறுக்கவில்லை. எதிர்த்தரப்பும் கையிலெடுத்தபோதே அச்சு அனைவர்க்கும் பொதுவாயிற்று.

எழுத்திலும் வாசிப்பிலும் மாற்றம்
சுவடிகளில் மெய்யெழுத்துகளுக்குப் புள்ளியிடுவது அரிது. எகர ஒகரங்களின் குறில் நெடில் வேறுபாடும் தெளிவாக இராது. செய்யுள் அடிபிரிக்கப்படாமல் தொடர்ந்து எழுதப்பட்டது. ஆசிரியரின் குரல் இன்றிச் சுவடியைப் பயில்வது கடினம். அச்சுநூலோ புள்ளி, சொற்பிரிப்பு, நிறுத்தற்குறி ஆகியவற்றால் தனித்து வாசிப்பவரை உருவாக்கியது. கற்றல் ஆசிரியரின் அண்மையை மட்டுமே சார்ந்திருந்த நிலை தளர்ந்தது.

1887இல் சி.வை.தாமோதரம் பிள்ளை கலித்தொகையையும், உ.வே.சாமிநாதையர் சீவக சிந்தாமணியையும் வெளியிட்டனர். சைவரான சாமிநாதையர் சமணக் காப்பியத்தின் பொருள்காணச் சமண அறிஞர்களை நாடினார். முன்கூட்டிக் கையொப்பமிட்டோரின் ஆதரவால் நூல் வெளிவந்தது. சமய எல்லையைக் கடந்த வாசகர் கூட்டம் இவ்வாறு உருப்பெற்றது. 1894இல் புறநானூறும் அச்சேறியது.

இழப்பு
ஓலை அழியும் இயல்பினது. மீண்டும் மீண்டும் படியெடுப்பதாலேயே நூல் நிலைக்கும். அச்சு பரவியபின் படியெடுக்கும் வழக்கம் குன்றியது. அச்சேறாதவை புதிய வடிவையும் பெறாமல், பழைய காப்பையும் இழந்தன. சாமிநாதையர் ஊர் ஊராக அலைந்து சுவடி தேடியதன் அவசரம் இதனால் விளங்கும்.

முடிவுரை
தமிழ் அச்சின் வரலாறு, கருவி மட்டும் சமூகத்தை மாற்றுவதில்லை என்பதை உணர்த்துகிறது. சட்டத்தின் இசைவு, கல்விக்கூடத்தின் தேவை, மாற்றுத்தரப்பினரின் ஏற்பு ஆகியவை கூடியபோதே அது ஆற்றல் பெற்றது. அதேவேளை, எதை அச்சிடுவது என்னும் தெரிவு எது எஞ்சும் என்பதையும் தீர்மானித்தது. புதுமையின் பயனை மதிப்பிடும்போது, அது கைவிட்டுச் சென்றவற்றையும் கணக்கில் கொள்வது இன்றியமையாதது.