கழுத்து எம்.ஆர்.ஐ. அறிக்கை

கழுத்தெலும்புகள், இடையிலுள்ள ஜவ்வு (டிஸ்க்), தண்டுவடம், கைகளுக்குப் பிரியும் நரம்புகள் ஆகியவற்றைக் காந்தப்புலத்தால் படமெடுக்கும் பரிசோதனையின் அறிக்கை இது. இதில் எக்ஸ்ரே கதிர்வீச்சு கிடையாது.

கோடம்பாக்கத் திரையுலகில் எல்லோரும் அறிந்த கழுத்துக் காயம் எம்.ஜி.ஆருடையது. 1967 ஜனவரி 12 அன்று ராமாவரம் தோட்டத்தில் நடிகர் எம்.ஆர். ராதா சுட்ட குண்டு அவர் கழுத்தில் பாய்ந்தது. உயிர் பிழைத்தார், குரல் மாறிவிட்டது. அன்று கழுத்துக்குள் பார்க்க முதன்மை வழி எக்ஸ்ரே. அதில் எலும்பும் உலோகமும் தெரியும், ஜவ்வும் நரம்பும் தெரியாது. நோயாளிக்கு முதல் சி.டி. ஸ்கேன் எடுக்கப்பட்டதே 1971இல், லண்டனில். எம்.ஆர்.ஐ. அதற்கும் பிந்தியது. அது காந்தத்தால் இயங்குவதால், உடலில் குண்டுத் துகளோ பேஸ்மேக்கரோ இருந்தால் ஸ்கேன் அறைக்குள் போகுமுன் சொல்லிவிட வேண்டும்.

அறிக்கையில் கழுத்தெலும்புகள் ஏழும் சி1 முதல் சி7 வரை குறிக்கப்படும். ‘சி5–6 டிஸ்க் பல்ஜ்’ என்றால் ஐந்தாம், ஆறாம் எலும்புகளுக்கு நடுவே ஜவ்வு பிதுங்கியிருக்கிறது. ‘புரோட்ரூஷன்’, ‘எக்ஸ்ட்ரூஷன்’ என்பவை அடுத்த நிலைகள். ‘ஆஸ்டியோஃபைட்’ எலும்போரத்தில் வளரும் முள்.

இவற்றைப் படித்ததும் பலர் கலங்கிப்போகிறார்கள். அவ்வளவு கலக்கம் தேவையில்லை. 2015இல் வெளியான ஜப்பானிய ஆய்வில், எந்தத் தொந்தரவும் இல்லாத 1,211 பேருக்கு ஸ்கேன் எடுத்ததில் 87.6 சதவீதத்தினருக்கு ஜவ்வுப் பிதுக்கம் இருந்தது. இருபது வயதுகளில் இருந்தவர்களிலும் பெரும்பாலோருக்கு இருந்தது. படம் உடலோடு ஒத்துப்போகிறதா என்பதே கேள்வி. ஆறாம் கழுத்து நரம்பு அழுந்தினால் கட்டைவிரல் மரத்துப்போகும்; ஏழாவதென்றால் நடுவிரல், எட்டாவதென்றால் சுண்டுவிரல். வலக்கை மரத்திருக்க, படத்தில் இடப்பக்க நரம்பு மட்டும் அழுந்தியிருந்தால் காரணம் வேறெங்கோ இருக்கிறது.

‘கார்டு கம்ப்ரெஷன்’ (தண்டுவடம் அழுந்துதல்), ‘மைலோமலேசியா’ (தண்டுவடத் திசு சிதைதல்) என்ற சொற்களை மட்டும் தள்ளிப்போடக் கூடாது. தண்டுவடம் அழுந்தும்போது வலி இல்லாமலும் இருக்கலாம். சட்டைப் பொத்தான் போட விரல் தடுமாறும், செருப்பு கழன்றது தெரியாமல் நடப்பார்கள், நடை தள்ளாடும். வயசாகிவிட்டது என்று வீட்டில் விட்டுவிடுவதுதான் பெரிய ஆபத்து.

நரம்பு அழுத்தத்தால் வரும் கைவலி பெரும்பாலோருக்குச் சில வாரங்களிலோ மாதங்களிலோ மாத்திரை, பிசியோதெரபியால் தணியும். காலர் சில நாள் போதும். நெடுநாள் போட்டால் தசை தளரும். சலூனில் கழுத்தைத் திருப்பிச் சொடக்கு எடுப்பதைக் கட்டாயம் தவிர்க்க வேண்டும். படப்பிடிப்பில் விளக்குகளைத் தோளில் சுமக்கும் லைட்மேன், ரோப்பில் தொங்கும் சண்டைக் கலைஞர் போன்றோர் தம் வேலையை மருத்துவரிடம் விவரமாகச் சொல்ல வேண்டும். ஓய்வெடுத்தால் அன்றைய பேட்டா போய்விடும் என்று வலியோடு செட்டுக்குப் போகிறவர்கள் இவர்கள்.

தண்டுவடம் அழுந்தினாலும், கை பலம் குறைந்துகொண்டே போனாலும் அறுவை சிகிச்சை பரிசீலிக்கப்படும். முன்கழுத்து வழியே ஜவ்வை எடுத்து எலும்புகளை இணைப்பது ஒரு முறை. பல இடங்களில் தண்டுவடக் குழாய் குறுகியிருந்தால் பின்பக்கமாகத் திறந்து இடம் கொடுப்பது மற்றொன்று. தண்டுவட அறுவையின் முதல் நோக்கம் பாதிப்பு மேலும் முற்றாமல் தடுப்பது. இழந்த பலம் முழுதும் திரும்பாமல் போகலாம். இரண்டாவது கருத்துக் கேட்கப் போகிறவர்கள் அறிக்கைத் தாளோடு ஃபிலிமையும் குறுந்தகட்டையும் கொண்டுபோக வேண்டும்.