பிள்ளைகளோடு ஒரு ஞாயிறு: கொல்கத்தாவின் யூதர் கோயில்கள்

நம் ஊரில் கண்டிப்பான வாத்தியாருக்குப் பட்டப்பெயர் ஹிட்லர். 1982-ல் சிவாஜி நடித்த படத்தின் பெயரே 'ஹிட்லர் உமாநாத்'. இங்கே டாலிகஞ்சில் வளரும் நம் பிள்ளைகளுக்கும் அந்தப் பெயர் விளையாட்டு வார்த்தைதான். அவர்களை யூத இனப்படுகொலை அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போகலாம் என்றால், ஒன்று ஜெருசலேமில் இருக்கிறது, இன்னொன்று வாஷிங்டனில். பாங்க்கில் தரும் எல்.எஃப்.சி. அவ்வளவு தூரம் எட்டாது :-)

ஆனால் உத்தம் குமார் (பழைய டாலிகஞ்ச்) நிலையத்தில் மெட்ரோ ஏறி சென்ட்ரலில் இறங்கினால், நடக்கிற தூரத்தில் இரண்டு யூதர் கோயில்கள் உண்டு. பெத் எல் 1856-ல் கட்டியது, மாகேன் டேவிட் 1884-ல். நம் குடும்பங்கள் சேர்ந்து ஒரு ஞாயிறு போய்வரலாம் என்பது என் யோசனை.

போகுமுன் ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். இந்தக் கோயில்களில் இன்று ஆள் இல்லை. அதற்குக் காரணம் ஹிட்லர் அல்ல. 1798-ல் அலெப்போவைச் சேர்ந்த ஷாலோம் கோஹன் இங்கே வந்தார். பின்னால் பாக்தாத் யூதர்கள் வந்து வியாபாரத்தில் செழித்தார்கள். இரண்டாம் உலகப்போர் சமயத்தில் சுமார் 5,000 பேர் இருந்தார்கள். 1947-க்குப் பிறகு இஸ்ரேல், இங்கிலாந்து என்று தாங்களாகவே கிளம்பிப் போனார்கள். இன்று விரல்விட்டு எண்ணிவிடலாம். கோயில்களைத் தலைமுறையாகப் பார்த்துக்கொள்பவர்கள் ஒரிசா முஸ்லிம்கள்.

ஐரோப்பாவில் காலியான கோயில்களின் கதை வேறு. அங்கே கொல்லப்பட்டவர்கள் சுமார் 60 லட்சம். இந்த இரண்டு வெறுமைக்கும் உள்ள வித்தியாசம் பிள்ளைகளுக்குப் புரிந்தால் போதும், பயணம் வீண் போகாது.

பாங்க்காரன் என்பதால் எனக்கு உறைத்தது ஒன்று. எல்லாம் துப்பாக்கியில் ஆரம்பிக்கவில்லை. 1935-ல் சட்டம் போட்டுக் குடியுரிமையைப் பறித்தார்கள். 1938 ஏப்ரலில் 5,000 ரைஷ்மார்க்குக்கு மேல் சொத்துள்ள யூதர்கள் படிவம் நிரப்பிப் பதிவு செய்யவேண்டும் என்று உத்தரவு வந்தது. அந்த நவம்பரில் யூதர் கடைகளையும் கோயில்களையும் நொறுக்கிவிட்டு, நூறு கோடி ரைஷ்மார்க் அபராதத்தையும் யூதர்கள் தலையிலேயே கட்டினார்கள். நம்மைப்போல் மேசையில் உட்கார்ந்து, படிவத்தைச் சரிபார்த்து, முத்திரை குத்தியவர்கள் செய்த வேலை இது. பெரிய பிள்ளைகளுக்கு இதைச் சொல்லியே ஆகவேண்டும்.

வழியில் நேதாஜி பவன் நிலையம் வரும். 'நேதாஜி ஹிட்லரைப் பார்த்தாரே?' என்று யாராவது கேட்பார்கள். பார்த்தார், 1942 மே மாதம். வெள்ளைக்காரனை விரட்ட உதவி தேடிப் போனார். அதனால் ஹிட்லர் செய்த பாவம் ஒரு பைசாகூடக் குறையாது. இரண்டையும் சேர்த்தே சொல்லுங்கள், மழுப்பாதீர்கள்.

வாஷிங்டன் அருங்காட்சியகம் தன் முக்கியக் கண்காட்சியை 11 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கே பரிந்துரைக்கிறது. நாமும் அதையே வைத்துக்கொள்வோம். சின்னவர்களுக்குக் கோயிலின் வண்ணக் கண்ணாடிகளும், நியூ மார்க்கெட்டில் நாஹூம் கடை பிளம் கேக்கும் போதும். அதுவும் 1902-ல் ஒரு யூதக் குடும்பம் ஆரம்பித்த கடைதான்.

சனிக்கிழமை அவர்களுக்கு ஓய்வுநாள், அன்று வேண்டாம். அனுமதியை முன்கூட்டியே விசாரித்துவிடுவோம். பெரியவர்கள் அடையாள அட்டை கொண்டுவாருங்கள். உள்ளே ஆண்கள் தலையை மூடவேண்டும், கைக்குட்டை இருந்தால் நல்லது. எத்தனை பேர், பிள்ளைகளுக்கு என்ன வயது என்று மட்டும் சொல்லுங்கள், தேதி குறித்துவிடலாம்.