எண்ணெய்ப் பணம்: ஈராக்கும் நார்வேயும்

எண்ணெய் வளம் என்றதும் நம் நினைவுக்கு வருபவை வளைகுடா நாடுகள்தான். நம் உறவுக்காரர்களில் ஒருவராவது அங்கே போய் வேலை பார்த்திருப்பார். அந்த நாடுகளுக்கெல்லாம் பணத்துக்கு என்ன குறைச்சல் என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். பணம் வருவது வேறு, வந்த பணம் நாட்டுக்குத் தங்குவது வேறு. இதைப் புரிந்துகொள்ள ஈராக், நார்வே ஆகிய இரு நாடுகளின் கதையைச் சேர்த்துப் படிக்க வேண்டும். இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது, ஒரு மனிதர் வழியாக.

ஈராக்கின் வடக்கே, கிர்குக் அருகில் பாபா குர்குர் என்ற இடத்தில் 1927 அக்டோபரில் எண்ணெய் பீறிட்டுக் கிளம்பியது. பல நாட்கள் அதை அடக்க முடியவில்லை. எடுத்து விற்றது ஈராக் பெட்ரோலியம் கம்பெனி. பெயரில்தான் ஈராக், பங்குகள் எல்லாம் பிரிட்டிஷ், டச்சு, பிரெஞ்சு, அமெரிக்க நிறுவனங்களிடமும் குல்பென்கியான் என்ற ஆர்மீனிய வியாபாரியிடமும் இருந்தன. 1952இல்தான் லாபத்தில் சரிபாதி அரசுக்கு என்ற ஒப்பந்தம் வந்தது.

ஆனால் அதற்கு முன்பே, 1950இல், ஈராக் ஓர் அருமையான காரியம் செய்தது. ‘வளர்ச்சி வாரியம்’ என்று ஒன்றை அமைத்தது. எண்ணெய் வருமானத்தில் 70 சதவீதம் அன்றாடச் செலவுக்குப் போகாமல் இந்த வாரியத்துக்குப் போக வேண்டும் என்று ஏற்பாடு. அணை, கால்வாய், சாலை, பாலம் என்று நிலைத்து நிற்கும் வேலைகளுக்கே அந்தப் பணம். டைக்ரிஸ் ஆற்றில் சமாரா அருகே கட்டி 1956இல் திறந்த தடுப்பணை வெள்ளத்தைத் தர்தார் பள்ளத்துக்குத் திருப்பிவிட்டது. 1954இல் பெருவெள்ளத்தில் தத்தளித்த பாக்தாத்துக்கு இது உயிர் காத்த அணை. நார்வே தன் எண்ணெய் நிதிச் சட்டத்தை இயற்றியது 1990இல். அதற்கு நாற்பது வருஷம் முன்பே ஈராக்கில் இந்த யோசனை இருந்தது என்பதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

அப்படியானால் எங்கே சறுக்கியது? அணை பலன் தரப் பத்து வருஷம் ஆகும். தண்ணீர் பாய்ந்த நிலமோ பெரும்பாலும் ஷேக்குகளின் கையில். பிழைக்க வழியில்லாத குடியானவர்கள் பாக்தாத்துக்கு வந்து நாணல் பாயும் சேறும் கொண்டு கட்டிய குடிசைகளில் கிடந்தார்கள். ‘எண்ணெய்ப் பணம் எங்கே?’ என்று அவர்கள் கேட்டால் என்ன பதில் சொல்வது? 1958 ஜூலையில் ராணுவப் புரட்சி வந்து மன்னராட்சி போயிற்று. அடுத்த வருஷமே வாரியமும் போயிற்று. யார் வந்தாலும் கஜானா சாவி அவர் கையில் என்றாகிவிட்டது.

1961இல் 80ஆம் எண் சட்டம் கம்பெனியின் குத்தகைப் பரப்பில் 99.5 சதவீதத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டது. நியாயமான கோபம்தான். ஆனால் எடுத்த இடத்தில் துளையிடத் தெரிந்தவர்கள் போதவில்லை. இதையெல்லாம் அந்தக் கம்பெனிக்குள்ளேயே இருந்து கவனித்துக்கொண்டிருந்தார் பாஸ்ராவைச் சேர்ந்த ஃபாரூக் அல்-காசிம் என்ற நிலவியல் அறிஞர். லண்டன் இம்பீரியல் கல்லூரியில் படித்தவர், மனைவி நார்வேக்காரர். மகனின் மருத்துவத்துக்காக நல்ல வேலையை உதறிவிட்டு, 1968 மே மாதம் குடும்பத்தோடு நார்வே போய்ச் சேர்ந்தார். ஆஸ்லோவில் இறங்கியவர், மனைவியின் ஊருக்குப் போகும் ரயிலுக்கு நேரம் இருந்ததால், தொழில்துறை அமைச்சகத்துக்கு நடந்து போய், ‘இங்கே எண்ணெய் தேடும் கம்பெனிகளின் பட்டியல் கிடைக்குமா?’ என்று கேட்டார். வேலை தேடத்தான்! அங்கே எண்ணெய் விவகாரத்தைக் கவனித்தவர்களோ விரல் விட்டு எண்ணக்கூடிய சிலர். கம்பெனிகள் தோண்டிய கிணறுகளின் முடிவுகளைப் படித்துச் சொல்ல அவர்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. அமைச்சகமே அவரை வேலைக்கு எடுத்துக்கொண்டது.

கடலடி எண்ணெய் என்றால் நமக்கு மும்பை ஹை, அது 1974. நார்வேக்கு எகோஃபிஸ்க், 1969 டிசம்பர். அந்தக் கரையோரத்தில் எண்ணெய் கிடைக்க வாய்ப்பே இல்லை என்று அந்நாட்டு நிலவியல் துறை 1958இல் எழுதிக் கொடுத்திருந்தது வேறு கதை.

எண்ணெய் வந்ததும் அல்-காசிமும் சகாக்களும் தயாரித்த திட்டம் ஈராக்கின் பாடத்திலிருந்து வந்தது. வெளிநாட்டுக் கம்பெனிகளை விரட்ட வேண்டாம். அவர்களிடம் தொழிலைக் கற்றுக்கொள்ளலாம். ஆனால் கடிவாளம் அரசிடம் இருக்க வேண்டும். 1972இல் ஸ்டாட்ஆயில் என்ற அரசுக் கம்பெனியையும், பெட்ரோலிய இயக்குநரகத்தையும் தனித்தனியாக அமைத்தார்கள். எண்ணெய் எடுப்பவரே தம்மைத் தாமே மேற்பார்வை பார்க்கக் கூடாதல்லவா? இந்த இயக்குநரகம் சும்மா இருக்கவில்லை. எகோஃபிஸ்க்கின் சுண்ணாம்புப் பாறையிலிருந்து ஆறில் ஒரு பங்கு எண்ணெய்தான் வரும் என்று முதலில் கணக்கிட்டிருந்தார்கள். தண்ணீரைச் செலுத்தி மீதியையும் எடுங்கள் என்று அதிகாரிகள் வற்புறுத்தினார்கள்; கம்பெனி தயங்கியது. 1987இல் அது தொடங்கியது. இன்றைய கணக்கு ஏறத்தாழ ஐம்பது சதவீதம். அதே வருஷம், கடல்தளம் அமிழ்ந்துவிட்டதால், மேடைகளையே ஜாக்கி வைத்து ஆறு மீட்டர் தூக்கினார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

நார்வேக்காரர்கள் எல்லோரும் சிக்கனத் திலகங்கள் என்று நினைத்துவிடாதீர்கள். 1970களில் வரப்போகும் எண்ணெயை நம்பி அவர்களும் கடன் வாங்கித் தாராளமாகச் செலவழித்தார்கள். 1986இல் எண்ணெய் விலை சரிந்தபோது அரசு கவிழ்ந்தது, குரோனரின் மதிப்பைக் குறைத்தார்கள், பின்னால் வங்கிகளும் ஆட்டம் கண்டன. அந்த அடிக்குப் பிறகுதான் 1990இல் நிதிச் சட்டம். முதல் பணம் சேர்ந்தது 1996இல். நிதி முழுவதும் வெளிநாட்டில்தான் முதலீடு. உள்நாட்டில் கொட்டினால் விலைவாசி ஏறி மற்றத் தொழில்கள் படுத்துவிடும். அரசு ஆண்டுக்குச் சராசரியாக நிதியின் 4 சதவீதம் வரை எடுக்கலாம் என்று 2001இல் வரம்பு வைத்தார்கள். 2017இல் அதை 3 ஆகக் குறைத்தார்கள். உலகச் சந்தைகளில் பட்டியலிட்ட பங்குகளில் சராசரியாக ஒன்றரை சதவீதம் இந்த நிதியிடம் இருக்கிறது. சுமார் 55 லட்சம் பேர் வாழும் நாடு!

என் கணிப்பில், நார்வேக்குக் கைகொடுத்தது குணமல்ல, காலம். எண்ணெய் வருமுன்பே நாடாளுமன்றம், வரித்துறை, கப்பல், மீன்பிடிப்பு, நீர்மின்சாரம் எல்லாம் வேரூன்றியிருந்தன. ஈராக் சுதந்திரம் பெற்றதே 1932இல். எண்ணெய் அதற்கு முந்திக்கொண்டது.

1972இல் ஈராக் கம்பெனியை நாட்டுடைமையாக்கியது. எழுபதுகளில் பள்ளிகளும் மருத்துவமனைகளும் பெருகின. அதை மறுக்க முடியாது. பிறகு 1980 முதல் போர், குவைத், பொருளாதாரத் தடை, 2003 படையெடுப்பு. இவை நாம் தொலைக்காட்சியில் பார்த்தவை. போர்கள் ஓய்ந்த பின்பும் பட்ஜெட்டில் ஏறத்தாழ 90 சதவீதம் எண்ணெயை நம்பித்தான். கட்சிக்குக் கட்சி ஆட்களை அரசு வேலையில் சேர்த்து, சம்பளப் பட்டியல் 40 லட்சத்தைத் தாண்டியது.

2020இல் எண்ணெய் விலை விழுந்து சம்பளமே தாமதமானபோது, நிதியமைச்சர் அலி அலாவி ஒரு வெள்ளை அறிக்கை வெளியிட்டார். சம்பளச் செலவைக் குறைக்க வேண்டும், மானியங்களைச் சீர்செய்ய வேண்டும், தனியார் தொழிலுக்கு இடம்விட வேண்டும் என்று வெளிப்படையாகச் சொன்ன அறிக்கை அது. டிசம்பரில் தினாரின் மதிப்பும் குறைக்கப்பட்டது. அதற்குள் எண்ணெய் விலை மறுபடி ஏறியது. 2022 ஆகஸ்டில் அலாவி பதவி விலகினார். 2023 பிப்ரவரியில் தினாரின் மதிப்பை உயர்த்தினார்கள். ஜூன் மாதம் நாடாளுமன்றம் அந்நாட்டு வரலாற்றிலேயே மிகப் பெரிய பட்ஜெட்டை, மூன்று வருஷத்துக்குச் சேர்த்து, நிறைவேற்றியது. அதில் லட்சக்கணக்கான புதிய அரசு வேலைகளுக்கும் இடம் இருந்தது.